ஒரே கட்டத்துக்குள் இரண்டு பேர்

அணையைத் திறந்துவிட்ட செய்தி கீழ்த்தெருக்களுக்குப் போய்ச் சேர்வதற்குள் தண்ணீர் போய்ச் சேர்ந்துவிட்டது. விடிந்தபோது நகரத்தின் பாதி ஆற்றுக்குள் இருந்தது. மீதிப் பாதி, அந்தப் பாதியில் மாட்டிக்கொண்ட சொந்தக்காரர்களைத் தேடிக்கொண்டிருந்தது.

அவள் வேலை பார்த்த அலுவலகம் மேட்டுப்பகுதியில், ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. மற்ற நாட்களில் அங்கே கடைகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் இணையதளம் செய்து கொடுப்பார்கள். அன்று காலை நிவாரணத்துறை அதிகாரி ஒருவர் முழங்கால்வரை சேற்றோடு படியேறி வந்தார். உட்காரக்கூட இல்லை.

"காணாமப்போனவங்களை வீட்டுக்காரங்க பதிவு பண்ணணும். முகாமுக்கோ ஆஸ்பத்திரிக்கோ வந்தவங்களை நம்ம ஆளுங்க பதிவு பண்ணணும். ரெண்டும் பொருந்தினா தகவல் போகணும். இன்னைக்கே வேணும். முடியுமா?"

"முடியும்," என்றாள் அவள். யாரும் அவளைக் கேட்கவில்லை. அவர் கேட்டது அவளுடைய மேலாளரை. அந்த மேலாளருக்கு அலுவலகத்தில் 'கட்டம்' என்று பெயர். எதைப் பேசினாலும் வெள்ளைப் பலகையில் கட்டம் போட்டுத்தான் பேசுவார். விடுப்புக் கேட்டுப் போனால்கூட இரண்டு கட்டமும் நடுவில் ஓர் அம்புக்குறியும் போட்டு, ஏன் தரமுடியாது என்று விளக்குவார். காதுபடவே அப்படிக் கூப்பிடுவார்கள். அவரும் கண்டுகொள்வதில்லை.

எந்தச் செயலியைக் கட்டினாலும் முதலில் தீர்மானிக்க வேண்டியது, அதற்குள் என்னென்ன பொருள்கள் இருக்கப்போகின்றன, ஒவ்வொன்றுக்கும் என்னென்ன விவரம் உண்டு என்பதைத்தான். அந்த வரையறையைத்தான் அவர்கள் கிளாஸ் என்பார்கள். கடைக்குச் செய்தால் சரக்கு ஒரு கிளாஸ், வாடிக்கையாளர் ஒரு கிளாஸ். அது கோணலாகிவிட்டால் மேலே எத்தனை அழகாகக் கட்டினாலும் எல்லாம் கோணல்தான். அந்த வேலையில் அவள் கெட்டிக்காரி. வளவளவென்று இழுக்காமல், எது தேவையோ அதை மட்டும் வைத்து நறுக்கென்று முடிப்பாள்.

கட்டம் பலகையில் இரண்டு கட்டங்கள் போட்டார். ஒன்றில் 'தேடப்படுபவர்', மற்றதில் 'முகாமில் இருப்பவர்'.

அவள் இரண்டாவதை உள்ளங்கையால் அழித்தாள். "ரெண்டு பேரும் மனுஷங்கதானே சார். ஒரு கிளாஸ் போதும். பேரு, வயசு, ஆணா பெண்ணா, தெரு, தேடுறவங்க போன் நம்பர், நிலை. காணோம்னா 'காணவில்லை'. வந்துட்டா 'கிடைத்தார்'. நிலை மட்டும்தான் மாறுது. ரெண்டாப் பிரிச்சா அதை இணைக்கிற வேலை தனி. சாயங்காலத்துக்குள்ள முடியாது."

"வீட்டுல தேடுற ஆளும் முகாம்ல உக்காந்திருக்கிற ஆளும் ஒரே ஆள்னு யார் சொல்றது?"

"பேரு சொல்லும் சார்."

அவர் அரைமனதோடு தலையாட்டினார். கீழே மருந்துக்கடை வாசலில் அழுகுரல் கேட்டுக்கொண்டே இருந்தது. வாதாடுவதற்கு யாருக்கும் நேரமில்லை.

அவள் பெயரைக் கட்டாயமாக்கினாள். பெயர் இல்லாமல் பதிவு ஏறாது. ஒரே ஆளை நான்கு சொந்தக்காரர்கள் நான்கு முறை பதிவுசெய்வார்கள் என்று தெரியும். அதனால் பெயர், வயது, ஆண்-பெண் மூன்றும் ஒன்றாக இருந்தால் அது ஒரே ஆள் என்று ஒரு விதி வைத்தாள். தொலைபேசிக் கோபுரங்கள் பாதி சாய்ந்து கிடந்ததால் புகைப்படத்தை விட்டுவிட்டாள். முகாமில் தட்டச்சு செய்யும் தன்னார்வலர்களுக்காக ஒரு வசதியும் செய்தாள். வந்தவர் எந்தத் தெரு என்று தேர்ந்தெடுத்தால் போதும்; அந்தத் தெருவில் காணாமற்போனவர்களின் பெயர்கள் வரிசையாக வந்து நிற்கும். ஆளைக் கேட்டுவிட்டு ஒரு தட்டு. நிலை மாறிவிடும், வீட்டுக்குச் செய்தி பறந்துவிடும். அந்த ஒரு தட்டில் அவளுக்குப் பெருமை.

மதியமே அது ஓடத் தொடங்கிவிட்டது. 'கிடைத்தார்' என்ற வார்த்தை திரையில் மாறுவதைப் பார்க்க ஆட்கள் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்கள். யாரோ கைதட்டினார்கள்.

அப்போதுதான் அண்ணியின் அழைப்பு வந்தது.

"காலையிலேர்ந்து லைனே கிடைக்கல," என்றாள் அண்ணி. மூச்சு வாங்கியது. "நான் பேக்கரியிலதான் இருந்தேன். நேத்து ராத்திரி மாவு இறக்கணும்னு இருக்கச் சொல்லிட்டாங்க. உங்க அண்ணன் வீட்டுல தனியா… நான் வெளிய தாழ்ப்பாள் போட்டுட்டு வந்தேன். எழுந்து எங்கயாவது போயிடுவாருன்னுதான். வெளிய தாழ்ப்பாள் போட்டுட்டேன்மா."

அவள் அப்போதே பதிவுப் பக்கத்தைத் திறந்தாள்.

அவளுடைய அண்ணன் பேருந்து ஓட்டுநராக இருந்தவர். ஓட்டிக்கொண்டிருக்கும்போதே பக்கவாதம் வந்தது. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் சாய்ந்தார் என்று நடத்துநர் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி மாய்வார். உயிர் தப்பியது. வலது கை மடங்கி மார்போடு ஒட்டிக்கொண்டது. தலை மொத்தமும் நரைத்து, ஐம்பதைத் தாண்டியவர் எழுபது வயதுக்காரர்போல ஆகிவிட்டார். பேச்சும் போய்விட்டது, ஒரே ஒரு வார்த்தையைத் தவிர. 'சரி.' பசித்தாலும் சரி, வலித்தாலும் சரி, வேண்டாம் என்பதற்கும் சரி. எந்தச் சரிக்கு என்ன பொருள் என்று அண்ணி ஒருத்திக்குத்தான் தெரியும்.

"அண்ணி, நான் பதிவு பண்றேன். எந்த முகாமுக்கு வந்தாலும் உடனே எனக்குத் தெரிஞ்சிடும். நீங்க பேக்கரியிலேயே இருங்க."

"இருக்கச் சொல்றியா? நீ இருப்பியா?" என்று சொல்லி அண்ணி வைத்துவிட்டாள்.

அவள் தன் கையாலேயே அண்ணனின் பெயரை ஏற்றினாள். நிலை: காணவில்லை. ஏற்றிய கையோடு தேடினாள். ஏற்றிய அதே ஒரு வரிதான் திரும்ப வந்தது.

அன்று முழுக்க வேலை செய்துகொண்டே தேடினாள். யாராவது எதையாவது சரிசெய்யச் சொல்வார்கள், செய்வாள், உடனே அண்ணன் பெயரைத் தட்டுவாள். காணவில்லை. டீ கொண்டுவந்து வைப்பார்கள். ஆறிப்போய் ஆடை படியும். மறுநாளும் அப்படியே. அண்ணி ஒவ்வொரு முகாமாக நடந்துகொண்டிருந்தாள். இடுப்பளவு தண்ணீரில் கயிறு பிடித்துக் கடந்தாள் என்று பிற்பாடு தெரிந்தது. வீடு இருந்த தெருவில் படகு போய்ப் பார்த்துவிட்டது. கதவு திறந்துதான் கிடந்ததாம். பக்கத்து வீட்டார் உடைத்தார்களா, தண்ணீர் உடைத்ததா, யாருக்கும் தெரியவில்லை. உள்ளே ஆள் இல்லை.

"கதவு திறந்திருந்தா தண்ணியில போயிட்டாரோ?" என்று அண்ணி கேட்டாள். கேட்டுவிட்டு அவளே, "அப்படி நினைக்கக்கூடாது," என்று சொல்லிக்கொண்டாள்.

மூன்றாவது முறையாக அண்ணி அழைத்தபோது குரல் கட்டிப்போயிருந்தது.

"எல்லா முகாம்லயும் பேரைச் சொல்லிக் கேட்டுட்டேன். அந்தப் பேர்ல யாரும் வரலைங்கறாங்க. உன் கம்ப்யூட்டர்லயும் இல்லைங்கற. எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. அவர் வந்து நின்னா, பேரு என்னன்னு கேப்பாங்களா?"

"கேப்பாங்க அண்ணி. பேர் இல்லாம பதிவே ஆகாது."

"அவர் என்ன சொல்லுவாரு? உனக்குத் தெரியாதா?"

திரையில் முகாம் பக்கம் திறந்திருந்தது. தெருவைத் தேர்ந்தெடு. பெயர்கள் வரிசையாக வரும். 'நீங்க இவரா?' என்று ஒவ்வொரு பெயராகக் கேட்பார்கள். முதல் பெயரிலேயே அண்ணன் சொல்லியிருப்பார்.

சரி.

"அண்ணி, நான் அப்புறம் கூப்பிடுறேன்," என்றாள்.

அண்ணன் அவர் பெயரில் இல்லை. வேறு யாராகவோ 'கிடைத்தார்'. அந்த வேறு யாரோ எவர்? டேட்டாபேஸைத் திறந்தாள். வயதான ஆண்கள், ஆற்றோரத் தெருக்கள், நிலை 'கிடைத்தார்' என்று கேட்டாள். பக்கம் பக்கமாக வந்தது. அதில் எது அண்ணன் என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பது? தன்னார்வலர் கண்ணால் பார்த்த ஆள் எப்படி இருந்தார், பேசினாரா, கை எப்படி இருந்தது என்று எழுத ஓர் இடம்கூட அவள் வைக்கவில்லை. யார் சொல்லி நிலை மாறியது என்பதும் இல்லை. ஒரு தட்டில் 'காணவில்லை' அழிந்து 'கிடைத்தார்' ஆகிவிடும். பழையது இருந்த தடமே இருக்காது. வீட்டார் தேடிய மனிதரும் முகாமுக்கு வந்த மனிதரும் ஒரே வரிக்குள் போய், ஒருவர் மேல் ஒருவர் உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். நறுக்கென்று முடித்திருந்தாள்.

வேறு வழியில்லாமல் தொலைபேசியை எடுத்தாள். முகாம் முகாமாக அழைத்தாள். பாதிக்கு மேல் மணியே போகவில்லை. எடுத்தவர்களிடமெல்லாம் ஒரே கேள்வி: "எதைக் கேட்டாலும் சரின்னு மட்டும் சொல்ற ஒருத்தர் அங்க வந்தாரா?" ஒருவர் சிரித்தார். ஒருவர், இங்கே எல்லோரும் எதற்கும் சரி இல்லை என்றுதான் சொல்கிறார்கள் என்று எரிந்து விழுந்தார்.

கடைசியில் ஒரு பள்ளிக்கூட முகாமிலிருந்து ஒரு பெண்குரல் உற்சாகமாகச் சொன்னது: "ஆமா, ஆமா! அந்தத் தையல்காரர் ஐயாதானே? ரொம்பத் தங்கமான மனுஷன். போர்வை குடுத்தா சரி, தரையில படுக்கச் சொன்னா சரி. எல்லாரும் அவர் மாதிரி இருந்தா எங்களுக்கு வேலையே இல்ல."

"தையல்காரரா?"

"நூல்கடைத் தெருவிலதான் படகுல ஏத்தியிருக்காங்க. அந்தத் தெருப் பேரெல்லாம் எடுத்து, முதல் பேரைப் படிச்சேன், நீங்கதானா ஐயான்னேன், சரின்னார். அவர் மகளுக்குத் தகவல் போயிடுச்சு. மேல் ஊர்ல இருக்காங்க. இன்னைக்குக் காலையிலதான் பஸ்ல ஏத்தி அனுப்பினோம். அவங்க பொண்ணு போன்ல எப்படி அழுதாங்க தெரியுமா?"

நூல்கடைத் தெரு அண்ணன் வீட்டுக்கு அடுத்த தெரு. உடைந்த கதவைத் தாண்டி, தண்ணீரில் நடந்து, மூலைவரை போயிருக்கிறார்.

உயிரோடு இருக்கிறார். அவள் மேசையில் நெற்றியை வைத்து அழுதாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு திரையைத் திறந்தாள். தையல்காரரின் வரியில் மகளின் எண் இருந்தது. அழைத்தாள்.

எடுத்த குரலில் அப்படியொரு மகிழ்ச்சி. "நிவாரண ஆபீஸா? உங்களுக்கெல்லாம் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலைங்க. நான் இப்ப பஸ் ஸ்டாண்டுலதான் நிக்கறேன். அப்பா வந்துட்டே இருக்கார்."

"அம்மா, ஒரு நிமிஷம் கேளுங்க…"

"நேத்து முகாம்லேர்ந்து போன்ல குடுத்தாங்க. அப்பா, பயந்துட்டியாப்பான்னு கேட்டேன். சரின்னார். சாப்பிட்டியான்னேன். சரின்னார். எப்பவும் என்னைப் பேசவே விடமாட்டார், அவ்வளவு வாய். இப்படி ஆயிட்டாரேன்னு எனக்குத் தாங்கல. அதிர்ச்சின்னு முகாம்ல சொன்னாங்க. வீட்டுக்கு வந்துட்டா தேறிடுவார். அவரே தைச்ச சட்டை ஒண்ணு எங்கிட்ட இருந்துச்சு, மாத்தறதுக்கு எடுத்துட்டு வந்திருக்கேன்."

"அம்மா, உங்க அப்பாவுக்கு வலது கை எப்படி இருக்கும்?"

"என்னங்க கேக்கறீங்க? தையல்காரர் கை. இப்பவும் கண்ணாடி இல்லாம ஊசியில நூல் கோப்பார்." குரல் சட்டென்று தாழ்ந்தது. "ஏன்? கையில அடிபட்டிருக்கா? எங்கிட்ட மறைக்கறீங்களா?"

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் அந்தப் பக்கம் ஹாரன் சத்தம். "வந்துடுச்சு, வந்துடுச்சு! இருங்க, வச்சிடாதீங்க," என்றாள் மகள். அப்புறம் கூட்டத்தின் இரைச்சல், இறங்குகிறவர்களின் குரல்கள், யாரோ யாரையோ கட்டிக்கொண்டு கதறுவது. "அப்பா! அப்பா!" என்ற கூப்பாடு. பிறகு நடத்துநர் போலிருக்கிறது, தையல்காரரின் பெயரைச் சொல்லி, "இவர்தாம்மா, பிடிச்சுக்கங்க," என்றார்.

இரைச்சல் அப்படியே இருந்தது. மகளின் குரல் மட்டும் நின்றுபோயிற்று.

பிறகு, மிகத் தாழ்ந்த குரலில் வந்தது. "இது எங்கப்பா இல்ல."

"தெரியும்மா," என்றாள் அவள். "அவர் என் அண்ணன்."

"என்னைப் பார்த்துச் சிரிக்கறார்."

"அவருக்குப் பேச வராது. அந்த ஒரு வார்த்தைதான் வரும். என்ன கேட்டாலும் அதைத்தான் சொல்லுவார். தப்பு எங்க மேலதான். நாங்க செஞ்சதுலதான்…"

"அப்ப எங்கப்பா எங்க?"

அவள் தையல்காரரின் வரியை மறுபடி பார்த்தாள். 'கிடைத்தார்' என்றே இருந்தது.

"நான் அழுகையை நிறுத்திட்டேங்க," என்றாள் மகள். "நேத்தோட நிறுத்திட்டேன். அப்பா கிடைச்சிட்டார்னு சொந்தக்காரங்க எல்லாருக்கும் சொல்லிட்டேன். படகுல தேடிப்போறேன்னு கிளம்பின என் வீட்டுக்காரரையும் போகவேண்டாம்னு நிறுத்திட்டேன்." மூச்சை இழுத்துக்கொண்டாள். "உங்க அண்ணனை நான் பார்த்துக்கறேன். சாப்பாடு போடுறேன், பத்திரமா வச்சிருக்கேன். நீங்க எங்கப்பாவைத் தேடுங்க. இப்பவே."

அவள் எழுந்து ஓடினாள். கட்டமும் அதிகாரியும் அடுத்த அறையில் இருந்தார்கள். நடந்ததை மூச்சுவிடாமல் சொன்னாள். அதிகாரி படகுக் குழுவின் திரையைத் திறந்து தையல்காரரின் வீட்டைத் தேடினார். அந்த வீட்டின் மேல் பச்சை நிறம். ஆள் கிடைத்துவிட்ட வீடுகளுக்குப் படகு போகத் தேவையில்லை என்று அந்த நிறத்துக்குப் பொருள். அந்த வசதியையும் அவள்தான் செய்திருந்தாள்.

"இது ஒண்ணுதான்னு எப்படிச் சொல்றது?" என்றார் கட்டம், மெதுவாக.

"சொல்ல முடியாது சார். எத்தனை பேர் இப்படியோ. பேரை மட்டும் நம்பி மாத்தின எல்லாத்தையும் மறுபடி 'காணவில்லை'ன்னு திறக்கணும்."

அதிகாரி நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "கிடைத்தவங்க எண்ணிக்கை இன்னைக்குக் காலையில செய்தியில வந்தாச்சு. இப்பப் போய், அதெல்லாம் கிடைச்சவங்களான்னு எங்களுக்கே தெரியாதுன்னு சொல்லச் சொல்றீங்களா? ஜனங்க என்னை உரிச்சுத் தொங்க விட்டுடுவாங்க."

"உரிக்கட்டும் சார்," என்றாள் அவள். குரல் உடைந்து கத்தலாக வந்தது. "அந்த வீட்டுக்குப் படகு போகல. போகாததுக்கு நான்தான் காரணம். ஒரு படகு அனுப்புங்க. மத்ததை அப்புறம் பேசலாம்."

அவர் ஒரு கணம் அவளையே பார்த்தார். பிறகு தொலைபேசியை எடுத்துத் தெருப் பெயரைச் சொன்னார். வைத்துவிட்டு, முகத்தை இரண்டு கைகளாலும் தேய்த்துக்கொண்டு, "திறங்க. எல்லாத்தையும் திறங்க," என்றார்.

படகு போய்ச் சேர நேரமாகும். அதுவரை சும்மா உட்கார அவளால் முடியாது. கட்டம் பலகையில், அவள் அழித்த இடத்திலேயே, மறுபடியும் கட்டம் போட்டார். "நான் அன்னைக்கே சொன்னேன்" என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

இந்த முறை 'மனிதர்' என்ற கிளாஸே இல்லை. 'தேடல்' என்று ஒன்று: வீட்டார் சொல்வது, அவர்கள் யாரை, எப்படிப்பட்டவரைத் தேடுகிறார்கள் என்பது. 'கண்டது' என்று ஒன்று: முகாமிலோ ஆஸ்பத்திரியிலோ ஒருவர் தன் கண்ணால் பார்த்தது மட்டும். அதில் பெயர் கட்டாயமில்லை. ஆள் தன் வாயால் சொன்னாரா, அடுத்தவர் சொன்னதா என்றும் குறிக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் 'பொருத்தம்': யார் பொருத்தினார், எதை வைத்து, வீட்டார் நேரில் பார்த்தார்களா. ஒன்றுக்காக இன்னொன்று அழியாது. தேடியவர் போதும் என்று சொல்லும்வரை தேடல் மூடாது.

பழைய வரிகளைப் புதியவற்றுக்கு மாற்றும்போது ஒரு வரியில் அவள் கை நின்றது. பெயர் என்ற இடத்தில் 'தெரியாது' என்று இருந்தது. ஆண், வயது அறுபது. பெயர் இல்லாமல் பதிவு ஏறாததால் யாரோ ஒரு செவிலி அப்படித் தட்டியிருக்கிறார். வேறோர் ஆஸ்பத்திரியில் வேறொரு செவிலியும் அதையே தட்டியிருக்கிறார். பெயர், வயது, ஆண்-பெண் மூன்றும் ஒன்று என்பதால் அவளுடைய விதி எல்லோரையும் ஒரே ஆளாக்கிவிட்டது. கடைசியாகத் தட்டியவரின் ஆஸ்பத்திரி மட்டும் மிஞ்சியிருந்தது. மற்ற 'தெரியாது'கள் எந்தக் கட்டில்களில் கிடக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது.

அவள் எழுந்து போனாள். முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, ஒவ்வோர் ஆஸ்பத்திரிக்கும் செய்தி அனுப்பினாள்: பெயர் தெரியாதவர்களை மறுபடி ஏற்றுங்கள். பெயர் வேண்டாம். பார்த்ததை எழுதுங்கள்.

அண்ணி வந்தபோது அவள் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். சேலை முழங்கால்வரை சேறு, கண் இரண்டும் வீங்கியிருந்தன. செய்தியைக் கேட்டதும் அண்ணி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "இருக்காரா? நிஜமா இருக்காரா?" என்று அதையே திருப்பித் திருப்பிக் கேட்டாள். பிறகு மீதியையும் கேட்டாள்.

"வாயில்லாத மனுஷனை இன்னொருத்தரா ஆக்கிட்டீங்களே," என்றாள். "பேரு சொல்லத் தெரியாதவரும் உலகத்துல இருக்காருன்னு உனக்குமா தோணல? உன் கூடப்பிறந்தவர்தானே அவரு."

அவள் குனிந்தபடி இருந்தாள்.

படகுக் குழு அழைத்தது. தையல்காரரின் வீட்டில் தையல் இயந்திரம் கவிழ்ந்து கிடந்ததாம். பரண்மேல் ஒரு தலையணையும் தண்ணீர்ப் பாட்டிலும் இருந்தனவாம். கொஞ்சநேரமாவது அங்கே ஏறி உட்கார்ந்திருந்திருக்கிறார். ஆள் இல்லை. அதை மகளுக்கு அவளே சொன்னாள். மகள் கேட்டுக்கொண்டாள். "உங்க அண்ணன் தூங்கறார்," என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள்.

மறுநாள் முதல் பஸ்ஸிலேயே அண்ணி மேல் ஊருக்குப் போனாள். அதே நாள் காலையில் 'கண்டது' என்ற பக்கத்தில் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. பெயர் இல்லாத மனிதர்கள். முன்பல் இல்லாத பெண். காலில் பழைய தீக்காயம் உள்ள ஆண். அவள் ஒன்றுவிடாமல் படித்தாள். ஓர் ஆஸ்பத்திரிச் செவிலி எழுதியிருந்தார்: "வயதான ஆண். பாலத்தூணில் மாட்டிக் கிடந்தவரை லாரிக்காரர்கள் கொண்டுவந்தார்கள். நினைவு இல்லை. இடது ஆள்காட்டி விரல் நுனி முழுக்கப் பொடிப்பொடியாக ஊசி குத்திய தழும்பு, தோல் காய்த்திருக்கிறது."

அவள் மகளை அழைத்தாள். இந்த முறை கிடைத்தார் என்று சொல்லவில்லை. "இப்படி ஒருத்தரைப் பார்த்திருக்காங்க. உங்க அப்பாவான்னு எனக்குத் தெரியாது. நீங்கதான் பார்த்துச் சொல்லணும்," என்றாள். செவிலி எழுதியதைப் படித்துக் காட்டினாள். விரலுக்கு வந்ததும் அந்தப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. வார்த்தை இல்லை.

அப்பாதான். மகளும் மருமகனும் பாலத்தைக் கடந்து வந்து சேர்ந்தார்கள். வந்த வண்டியிலேயே அண்ணியையும் அண்ணனையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். தையல்காரர் தைத்த அந்தச் சட்டையை அண்ணன் போட்டிருந்தார். தோள் கொஞ்சம் பெரிது.

அவளும் ஆஸ்பத்திரிக்குப் போனாள். போகாமல் இருக்க முடியவில்லை. தையல்காரரின் நெஞ்சு முழுக்கச் சேற்றுத் தண்ணீர் போய்ச் சளி கட்டியிருக்கிறது, நாட்கணக்கில் கவனிப்பே இல்லாத தாழ்வாரக் கட்டிலில் கிடந்திருக்கிறார், யார் வீட்டு ஆள் என்று தெரியாததால் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றக் கையெழுத்துப் போட ஆள் இல்லை என்று மருத்துவர் சொன்னார். அவர் யாரையும் குறை சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார்.

தையல்காரர் ஒருமுறை கண் விழித்தாராம். மகளின் ரவிக்கைக் கையைத் தொட்டு, தையல் பிரிந்திருந்த இடத்தில் விரலை வைத்தாராம். மகள் சிரித்துவிட்டாளாம், அந்த நிலையிலும். அன்று மாலையே உயிர் பிரிந்தது.

தாழ்வாரத்தில் மகள் அவளைப் பார்த்தாள். இருவரும் அதற்குமுன் நேரில் பார்த்ததில்லை. குரலைக் கேட்டதும் தெரிந்துகொண்டார்கள்.

"முதல் நாளே தேடியிருந்தா, எங்கப்பா பொழைச்சிருப்பாரா?" என்று மகள் கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகக் கேட்டாள்.

இல்லை என்று சொன்னால் மகளுக்கு ஆறுதல். ஆமாம் என்று சொன்னால், குற்றத்தை ஒப்புக்கொண்ட கணக்கில் தனக்கு ஒருவிதத்தில் தீர்ந்துவிடும்.

"தெரியலம்மா," என்றாள் அவள். "பொழைச்சிருக்கலாம்."

மகள் தலையை அசைத்தாள். "உங்களை நாலு வார்த்தை கேக்கணும்னு வழியெல்லாம் சேர்த்து வச்சிருந்தேன். இப்பத் தெம்பு இல்ல." சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டாள்.

அவள் உட்காரவில்லை. அண்ணி வந்து அந்த இடத்தில் உட்கார்ந்து மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவருக்கும் எதிரில், சுவரில் சாய்ந்தபடி அவள் நின்றாள். பையில் இருந்த தொலைபேசி அதிர்ந்துகொண்டே இருந்தது. யாரோ எங்கோ பெயர் தெரியாத இன்னொருவரைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். கொஞ்சநேரம் கழித்து அதை எடுத்துப் படித்தாள். படித்துவிட்டு, அந்த விவரங்களோடு ஒத்துப்போகும் தேடல்களை ஒவ்வொன்றாகத் திறக்க ஆரம்பித்தாள்.